பெயர் சொன்ன பிறகு

சின்ன காஞ்சீபுரம்
12-7-1936

சிரஞ்சீவி யதிராஜனுக்கு அண்ணா சம்பத்குமாரன் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் நானும் உன் மன்னி அலமுவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பம்பாயில் மழை பிடித்திருக்கும். ரமாமணிக்கு மூட்டுவலி தேவலையா என்று எழுது.

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். கடைசிக் கடிதம் என்னுடையது, பதில் போடாதவன் நீ என்பதை ஞாபகப்படுத்திவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சூடாமணி போய்விட்டாள். சித்திரையிலேயே போய்விட்டாளாம். மைசூரில் அவள் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து, ஆனி பிறந்த பிறகு ஒரு மரப்பெட்டி வந்தது. எனக்குத் தங்கை, உனக்கு அக்கா. நமக்கு ஒரு தந்தி அடிக்க அங்கே ஆள் இல்லை. தீட்டுக் காக்கிற நாளும் கடந்துவிட்டது. தலைக்கு ஸ்நானம் செய்ததோடு சரி.

பெட்டியில் இரண்டு புடவை, ஒரு மூக்குக் கண்ணாடி, பழந்துணியில் சுற்றிய ஓர் இசைத்தட்டு. துணிமேல் ஒரு காகிதத்தில் ‘சம்பத்துக்கு’ என்று அவள் கையெழுத்து. எந்தத் தட்டு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1912-ல் பட்டணத்துக்குப் போய் யாருக்கும் தெரியாமல் பாடிக் கொடுத்துவிட்டு வந்தாளே, அதுதான். புருஷனை இழந்த பத்தொன்பது வயதுப் பெண், அதுவும் கோயில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிக்கிறவர் பெண், ஊரான் வீட்டுக் குழலுக்குள் பாடலாமா என்று அப்பா அவளை வெளியே அனுப்பினாரே, அந்தத் தட்டு. நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. பதினாலு வயதுப் பையன் வாய். அதைப் பற்றி இப்போது என்ன.

பக்கத்துத் தெரு ராஜகோபாலின் கிராமபோனை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. பாசுரம் முடிந்ததும் “சூடாமணி, காஞ்சீபுரம்” என்று தன் பெயரைச் சொல்கிறாள். அதற்குப் பிறகும் கொஞ்சம் ஊசி ஓடுகிறது. அந்த இடத்தில் பேச்சுக் கேட்கிறது. பாட்டல்ல, பேச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. “சம்பத்து.”

பதினெட்டுத் தடவை போட்டேன். ஊசி தேய்ந்ததுதான் கண்ட பலன்.

என்னவோ சொல்லியிருக்கிறாள் என்னைப் பற்றி. என் முதுகுக்குப் பின்னால் பேசாதவர்கள் யார்? அப்பா பேசினார், பள்ளிக்கூடத்தில் பேசுகிறார்கள், நீயும் பம்பாயில் பேசாமலா இருப்பாய்? ஆனால் மற்றவர்கள் பேசியது காற்றோடு போயிற்று. இவள் பேசியது அரக்கில் பதிந்து என் கைக்கே வந்திருக்கிறது. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீ ரேடியோ பட்டறையில் இருக்கிறவன். நம் தெருவுக்கு மின்சாரம் வந்தாயிற்று. ஓர் அறைக்குப் போதுமான சின்ன ஆம்ப்ளிபையருக்குப் படம் போட்டு அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்வேன். நானும் பௌதிகம் படித்தவன்தான், மறந்திருக்க மாட்டாய்.

சம்பத்குமாரன்

*

பம்பாய், மாதுங்கா
30-7-1936

அண்ணாவுக்கு யதிராஜன் தெண்டன் சமர்ப்பித்து எழுதியது. இங்கே எல்லாரும் சௌக்கியம். ரமாமணி மாடிப்படி ஏறுவதில்லை, மற்றபடி குறைவில்லை. மன்னியின் உடம்பைப் பற்றித் தாங்கள் எழுதவில்லை.

அக்கா விஷயம் படித்துவிட்டு அன்று பட்டறைக்குப் போகவில்லை. வேறென்ன எழுதுவது.

படம் இணைத்திருக்கிறேன். கிராமபோனின் தகரக் குழலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘பிக்-அப்’ பொருத்த வேண்டும். ஊசியின் அதிர்வை அது மின்சாரமாக்கும். அதைப் பெருக்க முதலில் ஒரு 57 நம்பர் வால்வு. பிறகு ஸ்பீக்கரை ஓட்டும் சக்தி கொடுக்க ஒரு 45. வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக்க ஓர் 80. மூன்றே வால்வு. இரண்டு வாட்டுக்கு மேல் வராது, ஆனால் தங்களுக்கு வேண்டியது சத்தமல்ல, தெளிவு. அதற்கு 45-ஐ விட நாணயமான வால்வு எனக்குத் தெரியாது.

தாங்கள் கேட்ட பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் தட்டை அச்சடித்தது கடல் தாண்டி. அங்கே இருப்பவர்களுக்கு நம் பாஷை தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று குழம்பாமல் இருக்க, பாடுகிறவர்களே முடிவில் தங்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பெயர் சொன்னதும் வேலை முடிந்தது என்று அக்கா பக்கத்தில் இருந்த யாரிடமோ பேசியிருப்பாள். மெழுகில் வெட்டும் ஊசியை அதற்குள் தூக்கியிருக்க மாட்டார்கள்.

பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வாய் தவறிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி இன்னொரு சமயம்.

யதிராஜன்

*

சின்ன காஞ்சீபுரம்
23-8-1936

சிரஞ்சீவி யதிராஜனுக்கு ஆசீர்வாதம். அலமுவுக்கு ஒன்றுமில்லை, வாய் மட்டும் நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டிருக்கிறது. “அந்தப் பெட்டிக்குப் பண்ற உபசாரத்துல பாதி எனக்குப் பண்ணியிருந்தா நான் ஏன் இளைக்கறேன்?” என்கிறாள்.

உன் படம் சரிதான். ஆனால் ஸ்பீக்கருக்கு முன்னால் வரும் டிரான்ஸ்பார்மரைக் கடையில் வாங்கச் சொல்லியிருக்கிறாய். கடைக்காரன் எல்லா வால்வுக்கும் பொதுவாக ஒன்றைச் சுற்றி வைத்திருப்பான். நான் கணக்குப் போட்டேன். 45 கேட்பது நாலாயிரம் ஓம் சுமை. ஸ்பீக்கர் சுருளோ எட்டு ஓம். ஐந்நூறு பங்கு வித்தியாசம். வர்க்கமூலம் எடுத்தால் இருபத்திரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று. ஒரு பக்கம் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது, மறு பக்கம் நூற்றிருபது. இதை நான் கரும்பலகையில் போட்டுவைத்திருந்தேன். என்னைவிடப் பன்னிரண்டு வருஷம் இளைய தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, “பாடத்திட்டத்தில் இல்லையே” என்றார். அந்த நாற்காலிக்கு நியாயமாக யார் உட்கார வேண்டியது என்று உனக்குத் தெரியும்.

கம்பி தலைமயிரை விட மெல்லியது. என் கையில் மூன்று தடவை அறுந்தது. கடைசியில் பிள்ளையார்பாளையத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே குமாரசாமி என்று ஒரு நெசவுக்காரர். அவர் மனைவி மணியம்மாள் பட்டு இழையை ராட்டினத்தில் சுற்றுவதில் பேர் போனவள். கம்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னா சாமி இது, ஜரிகையா?”

“செம்புக் கம்பி. ரெண்டாயிரத்து அறுநூத்து நாப்பது சுத்து வேணும். ஒண்ணு கூடப்படாது, குறையப்படாது.”

“கல்யாணப் பொடவை கேக்கறவங்க கூட இவ்ளோ பவுசு பண்ண மாட்டாங்க. யாரு சாமி கட்டிக்கப் போறாங்க இத்த?”

“யாரும் கட்டிக்கப் போறதில்லை. இதுக்குள்ளேருந்து குரல் வரும்.”

“யாரு கொரலு?”

 அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “நீங்க அப்பால குந்துங்க. அறுந்தா என் வெரலு சொல்லும்” என்று ராட்டினத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். எட்டு நாளில் முடித்துவிட்டாள். ஓர் அறுபட்ட இடம் இல்லை.

பிக்-அப்பும் வால்வுகளும் மின்சாரப் பக்கத்து டிரான்ஸ்பார்மரும் இங்கே கிடைக்காது. நீதான் அனுப்ப வேண்டும். பதிலைத் தாமதிக்காதே.

சம்பத்குமாரன்

*

பம்பாய்
14-9-1936

அண்ணாவுக்குத் தெண்டன். இங்கே அனைவரும் நலம். சாமான்களை வைக்கோல் வைத்து ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். டிரான்ஸ்பார்மர் கணக்கு எங்கள் பட்டறையில் எல்லாரும் பார்த்தார்கள். எங்கள் மேஸ்திரி, “உன் அண்ணா இங்கே வந்திருக்க வேண்டியவர்” என்றார்.

இரண்டு எச்சரிக்கை. உள்ளே முந்நூறு வோல்ட் நிற்கும். அணைத்த பிறகும் கண்டென்ஸரில் தங்கியிருக்கும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தொடுங்கள். இரண்டாவது, முதல் தடவை போட்டதும் ஓர் இரைச்சல் கேட்டால் மின்சாரத்தின் இரைச்சல் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பிக்-அப்பைத் தட்டிலிருந்து தூக்கிப் பாருங்கள். தூக்கிய பிறகும் கேட்டால் குற்றம் பெட்டியில். தூக்கியதும் நின்றால் குற்றம் பெட்டியில் இல்லை.

அண்ணா, தங்களுக்கு அதை நிச்சயமாகக் கேட்க வேண்டுமா? இருபத்து நாலு வருஷம் கேட்காமல் இருந்தாயிற்று.

யதிராஜன்

*

சின்ன காஞ்சீபுரம்
19-11-1936

சிரஞ்சீவி யதிராஜனுக்கு ஆசீர்வாதம். தீபாவளிக்கு நீ அனுப்பிய கார்டு வந்தது. நாங்கள் இருவரும் தேக நலத்துடன் இருக்கிறோம். தூக்கம் எனக்குக் கொஞ்சம் குறைவு.

பெட்டி பேசிவிட்டது. மூன்று வால்வும் பழுத்த நிறத்தில் எரிய, சூடாமணி நம் கூடத்தில் நின்று பாடினாள். அலமு அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உங்க தங்கை இப்படிப் பாடுவாளா? ஒருநாள் கூட நீங்க சொன்னதில்லையே” என்றாள். 

ஆனால் இரைச்சல். நீ அனுப்பிய மின்சார டிரான்ஸ்பார்மர் மட்டமான சரக்கு. பாட்டின்போது பிடில் வாசிக்கிறவன் சத்தத்தில் தெரிவதில்லை. பெயர் சொல்லி முடித்ததும் பிடில் ஓய்கிறது, இரைச்சல் மட்டும் ஓயாமல் நிற்கிறது. அதற்கு அடியில் பேச்சு மூழ்கிக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துச் சுருதிக் கவைகளை வைத்து ஒத்துப் பார்த்தேன். விநாடிக்கு இருநூறு அதிர்வுக்குப் பக்கத்தில் வருகிறது. நம் மின்சாரம் ஐம்பது. 80 வால்வில் அது நூறாகும். அதன் இரட்டை இருநூறு. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? பிக்-அப்பைத் தூக்கிப் பார் என்கிற பாலபாடம் எனக்கு வேண்டாம். ஆசிரியனாக இருபத்து நாலு வருஷம் தள்ளியவன் நான்.

பேச்சில் இன்னொரு வார்த்தை பிடிபட்டது. “சம்பத்துக்குத் தெரிஞ்சா…”

பார்த்தாயா? அதுதான் நான் எதிர்பார்த்தது. சம்பத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும், அவன் எப்படிப்பட்டவன் என்று பாட வந்த இடத்தில், யாரோ ஓர் அந்நியனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்னை அந்த வீட்டில் எல்லாரும் ஒரு வேவுகாரனாகத்தான் நினைத்தார்கள் என்பதற்கு இனி நான் வேறு அத்தாட்சி தேட வேண்டியதில்லை. மீதி வாக்கியமும் எனக்கு வேண்டும்.

வேறு டிரான்ஸ்பார்மர் அனுப்பு.

சம்பத்குமாரன்

*

சின்ன காஞ்சீபுரம்
27-12-1936

சிரஞ்சீவி யதிராஜனுக்கு ஆசீர்வாதம். அங்கே யாருக்கும் உடம்பு சரியில்லையா? ஐந்து வாரமாக வரி இல்லை.

நீ டிரான்ஸ்பார்மர் அனுப்பவில்லை. பரவாயில்லை. இருநூறைச் சுற்றியுள்ள ஒலியை மட்டும் வடிகட்ட ஒரு சுருளும் கண்டென்ஸரும் சேர்த்தேன். இரைச்சல் பாதியாயிற்று. சூடாமணியின் குரலும் பாதியாயிற்று. இன்னும் வடிகட்டினேன். அவள் ஒரு கொசுவாகிவிட்டாள்.

நேற்று மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அலமு வந்து நின்றாள்.

“எதைக் கேட்டுண்டிருக்கேள்?”

“இரைச்சலை.”

“பெட்டி அணைஞ்சுன்னா இருக்கு!”

தொட்டுப் பார்த்தேன். வால்வுகள் ஜில்லென்று இருந்தன. எத்தனை நாழிகையாக அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலும் கேட்கிறது. பையன்கள் பரீட்சை எழுதும்போது, அறை முழுக்க நிசப்தமாக இருக்கும்போது, நன்றாகக் கேட்கிறது. வழக்கமான இரைச்சல் இல்லை அது. எங்கோ கேட்டுப் பழகியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ ஏன் எழுதவில்லை? உன்னை நான் அன்று குற்றம் சொன்னதற்காகவா? அப்பா கேட்டார். யாராவது ஒருவர் சொல்லித்தானே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

சம்பத்குமாரன்

*

பம்பாய்
16-1-1937

அண்ணாவுக்கு யதிராஜன் தெண்டன் சமர்ப்பித்து எழுதியது. எல்லாரும் சௌக்கியம். பொங்கலன்று தங்களை நினைத்துக்கொண்டோம்.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

அன்று அப்பா என்னைப் பிரம்பால் அடித்தபோது, “தட்டைப் பத்தி யார் யார்கிட்ட உளறினே?” என்றார். நான், “எந்தத் தட்டுப்பா?” என்றேன். அதற்கும் அடித்தார். நடிக்கிறேன் என்று நினைத்தார். அண்ணா, நான் நடிக்கவில்லை. அக்கா பாடியது எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா அவளைத் திருவல்லிக்கேணிக்குப் பெருமாள் சேவிக்க அழைத்துப் போனாள் என்பது மட்டும் தெரியும். அப்படி ஒரு தட்டு இருக்கிறது என்பதையே அப்பாவின் பிரம்பு சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். தெரியாததை ஒருவன் எப்படி உளற முடியும்?

அந்த மாதமே மாமாவோடு என்னைப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். அப்பா கடைசி வரையில் எனக்கு ஒரு கடிதம் எழுதவில்லை. அம்மா ரயிலடிக்கு வந்தாள். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொல்லலைன்னு நேக்குத் தெரியும்டா” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது.

இதை எழுதியது தங்களைப் பதில் கேட்பதற்காக அல்ல. தாங்கள் அதே குற்றத்தை ஜூலையிலும் எழுதினீர்கள், டிசம்பரிலும் எழுதினீர்கள். எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது.

டிரான்ஸ்பார்மரில் குற்றம் இல்லை. அனுப்புவதற்கு முன் நானே சோதித்தேன். பிக்-அப்பைத் தூக்கிப் பாருங்கள்.

யதிராஜன்

*

சின்ன காஞ்சீபுரம்
8-2-1937

சிரஞ்சீவி யதிராஜனுக்கு ஆசீர்வாதம். அலமுவுக்கு இரண்டு நாளாக ஜலதோஷம், கஷாயத்தில் நிற்கிறது.

நீ எழுதியதைப் படித்தேன்.

உன் கடிதம் வந்த பிறகும் பத்து நாள் பிக்-அப்பைத் தூக்கவில்லை. போன புதன்கிழமை மணியம்மாள் வந்தாள். வரதராஜர் கோயிலுக்கு வந்தவள், தான் சுற்றிய கம்பி என்ன ஆயிற்று என்று பார்க்க ஆசைப்பட்டு வாசலில் நின்றாள். அலமு உள்ளே கூப்பிட்டுவிட்டாள். தட்டைப் போட்டேன். பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பெயர் சொல்லி முடிந்து இரைச்சல் வந்தது.

“இதான் தொல்லை. மின்சாரத்தோட சத்தம். போக மாட்டேங்கறது” என்றேன்.

“எது சாமி?”

“இதோ, ரீங்கரிக்கறதே.”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். விரலால் தொடையில் தட்டிக்கினே இருந்தாள்; அவள் பாஷை எனக்கும் ஒட்டிவிட்டது பார். பிறகு சிரித்தாள்.

“கரண்டு மூச்சு வாங்குமா சாமி?”

“என்ன?”

“நல்லாக் கேளுங்க. நீளமா ஒண்ணு இழுக்குது, அப்பால குட்டையா ஒண்ணு. நீளமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு. நாள் முச்சூடும் தறிச் சத்தம் கேட்டுக்கினு இருக்கறவ நான், என்னை ஏமாத்த முடியாது. இது சுருதிப்பெட்டி. யாரோ ஒக்காந்து துருத்தி போட்டுக்கினு இருக்குது.”

பிக்-அப்பைத் தூக்கினேன். அறை நிசப்தமாயிற்று. பெட்டியில் ஒரு துளி இரைச்சல் இல்லை. மூன்று மாதம் நான் குற்றம் சொன்ன டிரான்ஸ்பார்மர் பரிசுத்தமாக இருந்தது.

அவள் போன பிறகு பரணில் ஏறி அம்மாவின் சுருதிப்பெட்டியை இறக்கினேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அதன் துருத்தியில் ஒரு மடிப்புக் கிழிந்து அரக்கு வைத்து ஒட்டியிருக்கும். அதனால் அமுக்கும்போது காற்று நீளமாக வரும், இழுக்கும்போது குட்டையாக நின்றுவிடும். அம்மா கூடத்தில் உட்கார்ந்து சூடாமணிக்குச் சுருதி போடும்போதெல்லாம் அப்படித்தான் கேட்கும். துருத்தியை அமுக்கிக்கொண்டே தட்டையும் ஓடவிட்டேன். இரண்டு சத்தமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.

ஆக அம்மா அங்கே இருந்திருக்கிறாள். திருவல்லிக்கேணியில் சூடாமணியை உறவினர் அகத்தில் விட்டுவிட்டு, தான் சந்நிதியில் உட்கார்ந்திருந்ததாக அப்பாவிடம் சத்தியம் செய்தாளே, அந்த அம்மா. அவளைப் பெண் ஏமாற்றிவிட்டாள் என்று அப்பா நம்பினார், நானும் நம்பினேன். அதன்பிறகு எட்டு வருஷம் இந்த வீட்டில் இருந்தாள். தினமும் எனக்குச் சாதம் போட்டாள். என்னிடம் மறைத்தாள்.

மூன்று மாதம் அவளை நான் வடிகட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வடிகட்டியை எடுத்துவிட்டேன். பேச்சு வார்த்தைகள் இன்னும் தெளியவில்லை.

சம்பத்குமாரன்

*

பம்பாய்
19-2-1937

அண்ணாவுக்குத் தெண்டன். மன்னிக்கு ஜலதோஷம் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே சுகம்.

அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று இருபத்து நாலு வருஷம் யோசித்தேன். இப்போது பாதி தெரிகிறது.

சுருதிப்பெட்டியின் மூச்சை எண்ணுகிற அளவுக்குத் தெளிவான பெட்டி, பேச்சை மட்டும் தெளிவாகச் சொல்லாது என்றால் என் தொழிலில் நான் நம்ப மாட்டேன். வற்புறுத்தவில்லை. காத்திருக்கிறேன்.

யதிராஜன்

*

சின்ன காஞ்சீபுரம்
21-3-1937

சிரஞ்சீவி யதிராஜனுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். அலமு இப்போது மத்தியான வேளையில் கூடத்துப் பக்கம் வருவதில்லை.

தட்டைப் பஞ்சு வைத்துக் கட்டி இன்று பார்சலில் சேர்த்துவிட்டேன். அது உன்னிடம் இருக்கட்டும். உன் பட்டறையில் என்னுடையதைவிட நல்ல பெட்டிகள் இருக்கும். நான் எழுதுவது சரிதானா என்று நீயே கேட்டுப் பார்க்கலாம். ஆனாலும் நீ கேட்பதற்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இதற்கே ஒரு மாதம் ஆயிற்று.

வார்த்தைகள் தெளியவில்லை என்று போன கடிதத்தில் எழுதியது பொய். வடிகட்டியை எடுத்த அன்றே முதல் தடவையில் எல்லாம் கேட்டுவிட்டது. பெயர் சொன்ன பிறகு சூடாமணி லேசாக இருமுகிறாள். பிறகு, பாடும் குரலில் இல்லை, வீட்டுக் குரலில்:

“சம்பத்துக்குத் தெரிஞ்சா ரொம்ப சந்தோஷப்படுவாம்மா. ஆத்துக்குப் போனதும் மொதல்ல அவன்கிட்டதான் சொல்லப்போறேன்.”

துருத்தி நிற்கிறது. குழலுக்குத் தள்ளி அம்மா, மிகவும் மெல்ல:

“சொல்லு. அவன்தான் அப்பாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்வான்.”

அவ்வளவுதான். அதோடு ஊசியைத் தூக்கிவிட்டார்கள்.

என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் பேசியது இதுதான். இதற்கு நான் ஏழு மாதம் வால்வும் கம்பியும் சேர்த்தேன். கேட்டதும் என்னவோ இதில் ஏமாற்று இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னொரு தரம் போட்டேன். ஏமாற்று இல்லை. அம்மா என்னிடம் மறைத்தாள் என்று உனக்கு எழுதினேனே, அவள் எதையும் என்னிடம் மறைக்கவில்லை. என்னிடம் சொல்லச் சொல்லித்தான் சூடாமணியை அனுப்பினாள். உன்னிடம் அவள் ரயிலடியில் அப்படிச் சொன்னது எப்படி என்று மீதிப் பாதியும் இப்போது உனக்குத் தெரியும். அவர்கள் சொன்னது ஒரே ஓர் ஆளிடம்தான்.

சூடாமணி வந்ததும் சொன்னாள். கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாரம்தான் எம்.ஏ. படிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டாம், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். என் வாழ்க்கை இந்தத் தெருவோடு முடிந்தது என்று நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு அவள் ஓடிவந்தாள். மொட்டைத் தலையில் முக்காடு நழுவியது கூடத் தெரியாமல், “சம்பத்து, சம்பத்து, என் குரல் கப்பல்ல போறதுடா” என்றாள். அண்ணா என்று அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. அவள் சிரித்து நான் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவன் என்று இரண்டு பெண்கள் என்னை நம்பியிருந்தார்கள். என் கண்ணுக்கு, அவள் பட்டணத்துக்குப் போய்வந்தது மட்டும்தான் தெரிந்தது.

எட்டு வருஷம் அம்மா எனக்குச் சாதம் போட்டதை இப்போது ஒவ்வொரு வேளையாக நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. மோர் வேணுமா என்றுதான் கேட்டாள்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். சத்தம் நிற்கவில்லை. அது நிற்க வேண்டும் என்றும் நான் இப்போது நினைக்கவில்லை.

இனி எழுத வேண்டியது ஒன்றுதான். சூடாமணி என்னிடம் சொன்ன அன்றே, அம்மா விளக்கேற்றுவதற்குள், நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பக்குவமாகச் சொல்லவில்லை. அவர் பாராயணத்தை நிறுத்திவிட்டு, “நோக்கு யார் சொன்னா?” என்று கேட்டார். நீ வாசலில் கோலிக் குண்டு விளையாடிக்கொண்டிருந்தாய், அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. நான் யோசிக்கக்கூட இல்லை. உன் பெயரைச் சொன்னேன்.

சம்பத்குமாரன்